பரபரப்பு வாக்குமூலம்

1

தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிற யாருக்கும் 'பரபரப்பு வாக்குமூலம்' என்ற தலைப்பை விளக்க வேண்டியதில்லை. ஒரு கொலை நடக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒருவர் கைதாவார். மறுநாள் காலைப் பேப்பரில் அந்த இரண்டு சொற்களும் தடித்த எழுத்தில் வரும். உள்ளே நாலைந்து பத்திகள். ஏன் கொன்றேன், எதால் அடித்தேன், எங்கே புதைத்தேன் என்று கைதானவரே 'நான்', 'நான்' என்று பேசுவார். கடைசியில், இவ்வாறு அவர் வாக்குமூலத்தில் கூறியதாகப் போலீசார் தெரிவித்தனர் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு வருவதற்குள் கொலைகாரன் கிடைத்துவிட்டான், காரணம் தெரிந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது.

ஆனால் சட்டத்தைப் பொறுத்தவரை அந்த நாலைந்து பத்திகளுக்கும் கிட்டத்தட்ட மதிப்பே கிடையாது. 1872ஆம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் 23ஆவது பிரிவில் அதையேதான் சொல்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தடை ஏன் வந்தது என்பதில் நம் மாகாணத்துக்கும் பங்கு இருக்கிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி 1855இல் ஒரு விசாரணைக் கமிஷன் விரிவான அறிக்கை கொடுத்தது. வாக்குமூலம் எப்படி 'வாங்கப்படுகிறது' என்பது வெள்ளைக்கார அரசின் காகிதத்திலேயே பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் போலீஸ் வாக்குமூலத்துக்குக் கதவடைக்கும் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நீதிபதி காதில் வாங்கக் கூடாது என்று நூற்றைம்பது வருடமாகச் சட்டம் தடுத்துவைத்திருக்கும் ஒன்றை, நாம் தினமும் முதல் பக்கத்தில் வாசிக்கிறோம்.

ஒற்றைக் கொலையில் இதனால் ஒரு மனிதருக்கு அநியாயம் நடக்கலாம். தொடர் கொலையில் ஆபத்து இன்னும் பெரிது. தவறான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான். அவன் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கலாம். அதனால் தொடர் கொலைகளைப் பற்றிய செய்தி எப்படி எழுதப்படுகிறது என்ற கேள்வியை வெறும் ரசனைப் பிரச்சினையாகத் தள்ளிவிட முடியாது. அது உயிர் சம்பந்தப்பட்ட ஒழுக்கக் கேள்வி.

2

புலனாய்வுக்குச் சில ரகசியங்கள் தேவை. ஒரு கொலையில் கொன்றவனுக்கும் போலீசுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விவரமாவது இருக்க வேண்டும். முடிச்சு எந்தப் பக்கம் போடப்பட்டிருந்தது, எந்தப் பொருள் காணாமல்போனது, இப்படி ஏதாவது ஒன்று. பரபரப்பான வழக்குகளில் 'நான்தான் செய்தேன்' என்று தானாக வந்து நிற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அடித்தால் ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. மறைத்துவைத்த அந்த ஒரு விவரத்தை வைத்துத்தான் உண்மையான வாக்குமூலத்தைப் பொய்யிலிருந்து பிரிக்க முடியும். அது பேப்பரில் வந்துவிட்டால், பிறகு யார் சொன்னாலும் அது கொன்றவனுக்குத் தெரிந்ததா, பேப்பரில் வாசித்ததா என்று சொல்ல முடியாது.

அடையாள அணிவகுப்பும் அப்படித்தான். சந்தேக நபரைப் போன்ற தோற்றமுள்ள வேறு சிலரையும் வரிசையில் நிறுத்தி, மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சாட்சி அடையாளம் காட்ட வேண்டும். அந்த முகம் அதற்கு முன்பே எல்லா சேனலிலும் ஓடியிருந்தால், சாட்சி எதை அடையாளம் காட்டுகிறார்? கொலை நடந்த இரவில் பார்த்த முகத்தையா, நேற்று டிவியில் பார்த்த முகத்தையா? போலீசார் கைதியின் தலையில் துண்டைப் போட்டு அழைத்துவருவது அவருடைய மானத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறோம். வழக்கின் மானத்துக்காகவும்தான்.

1888இல் லண்டனில் நடந்த கொலைகளை இன்று நாம் 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயரில் தெரிந்துவைத்திருக்கிறோம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? செப்டம்பர் மாதம் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தின் கையொப்பம் அது. அதை எழுதியது கொலைகாரன் இல்லை, ஒரு பத்திரிகையாளர்தான் என்று போலீஸ் அதிகாரிகளே பின்னர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அதற்குள் அதே போலீஸ் அந்தக் கடிதத்தை அச்சடித்து, கையெழுத்து தெரிகிறதா என்று கேட்டு ஊரெங்கும் ஒட்டியிருந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. கொலைகளுக்கு ஒரு நாயகப் பெயர் கிடைத்தது. கொலைகாரன் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதே கதை தொண்ணூறு வருடம் கழித்து அதே நாட்டில் இன்னும் மோசமாக நடந்தது. 1975 முதல் வடக்கு இங்கிலாந்தில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். 1979 ஜூனில் போலீசுக்கு ஓர் ஒலிநாடா வந்தது. 'நான் ஜாக்' என்று தொடங்கி, உங்களால் என்னைப் பிடிக்க முடியவில்லை என்று ஏளனம் செய்யும் ஓர் ஆண்குரல். அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்திலேயே அதைப் போட்டுக் காட்டினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. போன் செய்து கேட்கக்கூட வசதி இருந்தது. குரலின் உச்சரிப்பு சண்டர்லேண்ட் பகுதியுடையது என்பதால் தேடுதல் அந்தப் பக்கம் திரும்பியது. உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப், பிராட்ஃபோர்டுக்காரன். போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்து விட்டிருந்தது. அவனுடைய பேச்சும் கையெழுத்தும் 'கொலைகாரனோடு' பொருந்தவில்லை. ஒலிநாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் இறந்தார்கள். 1981 ஜனவரியில் போலி நம்பர் பிளேட் மாட்டிய காரில் இருந்தபோது அவன் தற்செயலாகச் சிக்கினான். ஒலிநாடாவை அனுப்பிய போலி ஆசாமி மரபணுச் சோதனையில் மாட்டி, தண்டனை பெற்றது 2006இல்.

இதைப் பத்திரிகையின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாடாவை நம்பியது போலீஸ். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரல் கொலைகாரனுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க வேண்டியவர்கள், அதை இன்னும் சத்தமாக ஒலிக்கச் செய்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்டுவிட்ட ஒரு குரலைப் 'பொய்' என்று சொல்ல எந்த அதிகாரிக்கு மனம் வரும்? செய்தி பரவப் பரவ, தவறைத் திருத்திக்கொள்வதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது. விசாரணையைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த விலையேற்றம்தான்.

3

நம் நாட்டில் இந்த விலை எவ்வளவு என்று தெரிய நொய்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிதாரிக்குப் போக வேண்டும். 2006 டிசம்பர் 29 அன்று அங்கே ஒரு பங்களாவுக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் மண்டையோடுகளும் எலும்புகளும் கிடைத்தன. காணாமல்போன குழந்தைகளுடையவை, பெண்களுடையவை. வீட்டுக்காரர் மொனிந்தர் சிங் பாந்தேரும் வேலைக்காரர் சுரேந்திர கோலியும் கைதானார்கள். இருபத்துநாலு மணிநேரச் செய்தி சேனல்கள் நாட்டில் பெருகியிருந்த காலம். நரமாமிசம் என்ற சொல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. மயக்க ஊசி போட்டு நடத்திய சோதனையில் என்ன சொன்னார்கள் என்று செய்திகள் கசிந்தன. சம்மதமில்லாமல் அப்படி ஊசி போடுவதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் தீர்ப்புச் சொன்னது 2010இல்தான்.

கோலியின் ஒப்புதல் வாக்குமூலம் 2007 மார்ச்சில் மாஜிஸ்ட்ரேட் முன்பு பதிவானது. போலீசிடம் சொன்னது செல்லாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் விருப்பப்பட்டுச் சொன்னது செல்லும். அதனால் அதுவே வழக்கின் முதுகெலும்பு ஆனது. வரிசையாக மரண தண்டனைகள் விழுந்தன. ஒரு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2014 செப்டம்பரில் தூக்குக்கு எல்லாம் தயார். நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்ததால் அவர் பிழைத்தார். 2015 ஜனவரியில், கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தைக் காரணமாகச் சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

பிறகு 2023 அக்டோபர் 16. அலகாபாத் உயர் நீதிமன்றம் கோலியை 12 வழக்குகளிலும் பாந்தேரை 2 வழக்குகளிலும் விடுதலை செய்தது. ஏறத்தாழ அறுபது நாள் போலீஸ் காவலில் வைத்திருந்து, முறையான சட்ட உதவி இல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை நம்ப முடியாது என்றது. ஏழை வேலைக்காரர் ஒருவரை அரக்கனாக்கிக் காட்டும் சுலபமான வழியைப் புலனாய்வு எடுத்துக்கொண்டது என்று கடுமையாகச் சொன்னது. உடலுறுப்பு வணிகக் கோணத்தை விசாரிக்கும்படி மத்திய அமைச்சகம் அமைத்த குழு சொல்லியிருந்தும், அந்தப் பக்கம் சரியாக விசாரிக்காததைச் சுட்டிக்காட்டியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைகளை உறுதிசெய்தது. அதே வருடம் நவம்பர் 11 அன்று, மிச்சமிருந்த கடைசி வழக்கிலும், தானே உறுதிசெய்திருந்த தண்டனையை ரத்துசெய்து கோலியை விடுவித்தது.

2014இல் அந்த இரவுத் தடை கிடைக்காமல் போயிருந்தால், 2025 தீர்ப்பைக் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார். தீர்ப்பே இருந்திருக்காது. எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

இதை ஊரில் என் சித்தப்பாவிடம் சொன்னேன். நாளைக்கு நாலு பேப்பர் வாசிக்கிறவர். எந்தக் கொலைச் செய்தியை வாசித்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஏய்யா, கோர்ட்டு கேசுன்னு போனா இருபது வருசம் இழுப்பான். நாலு நாள்ல சோலிய முடிச்சிரணும்."

"சித்தப்பா, நிதாரில அவர நாலு நாள்ல முடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்பம் அந்தப் பிள்ளையளக் கொன்னது யாரு?"

"அதத்தான் இப்பம் யாரும் கேக்கல, சித்தப்பா."

அவருடைய கேள்விதான் சரியான கேள்வி. கோலிக்கு நடந்தது ஓர் அநியாயம். ஆனால் பெரிய அநியாயம் அந்தக் குழந்தைகளுக்கு நடந்தது. முதல் வாரத்திலேயே நாடு முழுக்க விடை தெரிந்துவிட்டதால், விடை தேடும் வேலை நின்றுபோனது. இடம், எலும்பு, ரத்தம், சாட்சி எல்லாம் புதிதாக இருந்த நாட்களில் தேடியிருக்க வேண்டியதை இனி எங்கே போய்த் தேடுவது? 'அரக்கன்', 'சைக்கோ' போன்ற சொற்கள் செய்கிற வேலை இதுதான். ஒரு மனிதனைச் சைக்கோ என்று அழைத்துவிட்டால் நோக்கம் என்ன, கூட யார், யார் காப்பாற்றினார்கள், யாருக்கு லாபம் என்ற கேள்விகளெல்லாம் தேவையற்றவை ஆகின்றன. பைத்தியத்துக்கு ஏது காரணம்?

4

அப்படியானால் தீர்ப்பு வரும்வரை பத்திரிகைகள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? பலர் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். நிதாரி நடப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 2006 ஆகஸ்டில், இந்திய சட்ட ஆணையம் தன்னுடைய 200ஆவது அறிக்கையில் ஊடக விசாரணையைப் பற்றிப் பேசியது. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இல்லாமல், ஒருவர் கைதான நாளிலிருந்தே நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பாதுகாப்பு தொடங்க வேண்டும் என்றது. நியாயமான யோசனை. ஆனால் மௌனம் மட்டும் போதும் என்று அதை எடுத்துக்கொண்டால் நிதாரியின் முதல் பாதியை மறந்துவிடுவோம்.

எலும்புகள் கிடைப்பதற்கு முன்பு, ஏறத்தாழ இரண்டு வருடங்களாக அந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகள் காணாமல்போய்க்கொண்டிருந்தார்கள். பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகள். புகார் கொடுக்கப் போன பெற்றோரைப் போலீஸ் பொருட்படுத்தவில்லை. சேனல்களும் அப்போது அங்கே இல்லை. அந்த நாட்களில் ஒரு நிருபர் போய் நின்று, இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளைக் காணோம், எத்தனை எஃப்ஐஆர் போட்டீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தால் சில உயிர்களாவது மிஞ்சியிருக்கலாம். பேச வேண்டிய நேரத்தில் இருந்த மௌனம், தேடவிட வேண்டிய நேரத்தில் கூச்சலாக மாறியது.

1985இல் லாஸ் ஏஞ்சலஸை நடுங்கவைத்த ரிச்சர்ட் ராமிரெஸ் வழக்கில் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்க்கலாம். ஆகஸ்டில், அப்போது சான் பிரான்சிஸ்கோ மேயராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன், கொலைகாரனின் துப்பாக்கி பற்றியும் ஷூ தடம் பற்றியும் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். துப்பறிவாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். செய்தியைப் பார்த்த ராமிரெஸ் ஷூவைப் பாலத்திலிருந்து தண்ணீரில் எறிந்துவிட்டான் என்று பின்னால் தெரிந்தது. அதே மாதக் கடைசியில் அவனுடைய பெயரும் போட்டோவும் உறுதியானதும் போலீஸ் வெளியிட்டது. மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் அவன் முகம். தெருவில் மக்களே அடையாளம் கண்டு, துரத்திப் பிடித்துக்கொடுத்தார்கள். விஷயத்தை வெளியிடலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் இதற்கு விடை இல்லை. எதை, எப்போது, யாருக்காக என்று கேட்டால் விடை இருக்கிறது.

தமிழ்நாட்டில் தொடர் கொலை என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர் ஆட்டோ சங்கர். 1988இல் சென்னையில் வெளியான, ஆறு பேர் கொல்லப்பட்ட வழக்கு. கௌரி சங்கர் என்ற அவனுடைய பெயர் பலருக்கு ஞாபகமில்லை. பத்திரிகை வைத்த பெயர் தங்கிவிட்டது. அதில் ஒரு தொழிலையே இழுத்துவிட்டது. ஆனால் அந்த வழக்கில்தான் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான மிக முக்கியமான தீர்ப்பும் பிறந்தது. சிறையிலிருந்து சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அதில் வருகிறது என்று பேச்சு. 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. பத்திரிகைக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபர் 7 அன்று தீர்ப்பு: பொது ஆவணங்களில் இருப்பதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம், அதைத் தாண்டி ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் போனால் அதற்குப் பத்திரிகை பொறுப்பேற்க வேண்டும், ஆனால் அவதூறு வரும் என்று பயந்து அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடைபோட முடியாது.

1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டான். கொலைகாரனின் கதையை வாரவாரம் வாசிப்பது ஆரோக்கியமா என்று அப்போதே கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அரசு தடுக்கப் பார்த்தது நம்முடைய ரசனை கெட்டுவிடும் என்பதற்காக அல்ல. அதிகாரிகளின் பெயர் வரும் என்பதற்காக. இந்த வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது.

5

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தொடர் கொலைகளைப் பற்றி எவ்வளவு எழுதுகிறார்கள் என்பது பிரச்சினை இல்லை. எழுதுகிறவர் போலீசைக் கேள்வி கேட்கிறாரா, போலீசின் வாயாகப் பேசுகிறாரா என்பதுதான் பிரச்சினை. கேள்வி கேட்கும் எழுத்து பெரும்பாலும் விசாரணையைப் பலப்படுத்துகிறது. வாயாகப் பேசும் எழுத்து விசாரணையைச் சீக்கிரமாக மூடிவிடுகிறது.

இரண்டும் எங்கள் பக்கத்திலேயே நடந்ததைப் பார்த்திருக்கிறோம். அது தொடர் கொலை வழக்கு அல்ல, ஆனால் பாடம் அதேதான். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் ரிமாண்ட் ஆகி அடைக்கப்பட்டது கோவில்பட்டி கிளைச் சிறையில். இருவரும் உயிரை விட்டது கோவில்பட்டி அரசு மருத்துவமனையில். கயத்தாறிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். முதலில் வந்த அதிகாரபூர்வ விளக்கத்தில் ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்னொருவருக்குக் காய்ச்சல். எஃப்ஐஆரின்படி அவர்கள் தரையில் உருண்டதால் காயம். பழைய பழக்கப்படி இதை அப்படியே அச்சடித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. குடும்பமும் ஊரும் வியாபாரிகளும் பேசினார்கள், செய்தியாளர்கள் அதைக் கேட்டு எழுதினார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். அங்கே தனக்கு நடந்த அவமரியாதையையும், சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததையும் அறிக்கையாக எழுதினார். ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தோடு சாட்சி சொன்னார். பிறகுதான் கைதுகள், சிபிஐ, எல்லாம். அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. சித்திரவதையை ஆங்கிலத்தில் விவரித்த ஒரு பிரபலத்தின் வீடியோ கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அதை நம்ப வேண்டாம், விசாரணைக்கு இடைஞ்சல் என்று சிபிசிஐடி சொல்ல, அது நீக்கப்பட்டது. நியாயத்தின் பக்கம் நின்று பேசினாலும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆயுதம் எடுத்துக்கொடுத்ததாகத்தான் ஆகும். வழக்கை நகர்த்தியது அந்த வீடியோ இல்லை. உயர் நீதிமன்றத்தின் தலையீடு, மாஜிஸ்ட்ரேட் அறிக்கை, ஒரு காவலரின் சாட்சியம், 'என்ன நடந்தது' என்று விடாமல் கேட்ட நிருபர்கள்.

மாவட்ட நிருபர்களைத் திட்டுவது சுலபம். அவருடைய நிலைமையையும் பார்க்க வேண்டும். செய்தி வருவது இன்ஸ்பெக்டரிடமிருந்து. எஸ்.பி. ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் பிரஸ் நோட் விழும். ராத்திரிக்குள் அனுப்பியாக வேண்டும். 'கைதானவருடைய வக்கீல் என்ன சொல்கிறார், கையில் ஏன் மாவுக்கட்டு' என்று கேட்டால் அடுத்த தடவை குரூப்பில் செய்தி வராது. அந்த மாவுக்கட்டைப் பார்த்து, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம் என்று மீம் போட்டுச் சிரிப்பவர்கள் நாம். 1855இல் கமிஷன் வைத்து விசாரித்த விஷயம் இன்று நமக்கு ஜோக்.

அழுத்தம் போலீசுக்கும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2011 மார்ச்சில், பத்திரிகைகள் 'சைக்கோ' என்று பெயர் வைத்த ஜெய்சங்கர், கோர்ட்டிலிருந்து சிறைக்குத் திரும்பும் வழியில் சேலத்தில் தப்பினான். வழிக்காவலுக்குப் போயிருந்த காவலர் ஒருவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 'உடனே பிடி' என்று நாம் கொடுக்கும் நெருக்கடி நேராக டிஜிபி மேல் விழுவதில்லை. படிப்படியாக இறங்கி, கடைசிப் படியில் நிற்கும் காவலர் மேலும், லாக்கப்பில் இருப்பவர் மேலும்தான் விழுகிறது.

6

எங்கள் கரிசல் பக்கத்தில் தொடர் கொலை என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிவரை, ஒரு கொலைக்குப் பதில் இன்னொரு கொலை, அதற்குப் பதில் வேறொன்று என்று சங்கிலியாகப் போகும் கொலைகள். இங்கே செய்தியின் தலைப்பு 'பழிக்குப் பழி'. உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போவதற்குள் தலைப்பு வந்துவிடும். வாட்ஸாப்பில் செத்தவனின் சாதியும், கொன்றதாகச் சொல்லப்படுகிறவர்களின் சாதியும் வரும். தூரத்துக் கோர்ட்டில் சிலர் சரணடைவார்கள். சரணடைந்தவர்கள்தான் செய்தவர்களா, பின்னால் நின்று பணம் கொடுத்தது யார் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் 'பழிக்குப் பழி' என்று எழுதியாகிவிட்டால் நோக்கம் தீர்மானமாகிவிடுகிறது. அதோடு, அடுத்த பதில் யார் கணக்கில் என்ற எதிர்பார்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. முகம் தெரியாத கொலைகாரனைப் பற்றிய செய்தி விசாரணையைத்தான் கெடுக்கும். இந்தச் செய்தி அடுத்த கொலைக்கு நாள் குறித்துக்கொடுக்கக்கூடும்.

வாசகனால் என்ன செய்ய முடியும்? கயத்தாறுக்காரனுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று எங்கள் ஊரில் கட்டபொம்மனைக் கம்பெனிப் படை தூக்கிலிட்டது. மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் செய்த காரியம். மறுநாள் மேஜர் பானர்மேன் சென்னைக்கு அறிக்கை எழுதினார். அதில் விசாரணை உண்டு, குற்றங்கள் உண்டு, தீர்ப்பு உண்டு. எழுதியவரும் அவர், விசாரித்தவரும் அவர், தூக்கிலிட்டவரும் அவர். எங்கள் ஊர்ப்பக்கம் கதைப்பாட்டுகளில் அதே மரணம் வேறு மாதிரி இருக்கிறது. பாட்டு முழுக்க உண்மை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பானர்மேனின் கடிதத்தை யாரும் அப்படியே விழுங்குவதில்லை. எழுதியது யார், எதற்காக, யாருக்கு என்று கேட்டுத்தான் வாசிக்கிறோம். அப்படி வாசிப்பதால்தான், கைதி கடைசிவரை கலங்காமல் அலட்சியமாக நின்றார் என்று அவர் தன்னையறியாமல் கொடுத்த சாட்சியமும் நம் கண்ணில் படுகிறது.

225 வருடத்துக்கு முந்தைய அரசு அறிக்கையை வாசிக்கத் தெரிந்த நமக்கு, நேற்றைய பிரஸ் நோட்டை அதே மாதிரி வாசிக்க முடியாதா? 'கூறினார்' என்று இருந்தால், யாரிடம், எங்கே வைத்து, பக்கத்தில் வக்கீல் இருந்தாரா? 'சைக்கோ' என்று இருந்தால், எந்த டாக்டர் சொன்னது? முதல் புகார் எப்போது கொடுக்கப்பட்டது, அன்றைக்கு ஸ்டேஷனில் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகள் கொலைகாரனுக்குச் சாதகமானவை அல்ல. தவறான ஆளை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வழக்கம்தான் கொலைகாரனுக்கு மிகச் சாதகம். இவற்றை ஷேர் பண்ணுவதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வாசகர்கள் கேட்க ஆரம்பித்தால் நிருபருக்கும் கேட்கத் தைரியம் வரும். நாம் எதை வாங்குகிறோமோ அதைத்தான் அவரும் விற்க முடியும்.

செத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒரு கொலைகாரனைக் காட்டுவது அல்ல, அவர்களைக் கொன்றவரைக் கண்டுபிடிப்பது. இரண்டும் ஒன்று என்று நம்புவது சுலபம், முக்கியமாக முதல் வாரத்தில். நிதாரியில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் கிட்டத்தட்ட இருபது வருடம் அப்படித்தான் நம்பினார்கள். நம்பவைக்கப்பட்டார்கள். இன்று குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. சேனல்களும் அந்தத் தெருவில் இல்லை. ஸ்டேஷனில் முதல் நாள் அவர்கள் கேட்ட கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது: எங்க பிள்ளைக்கு என்ன ஆச்சு?